பிக் பேண்டில் ப்ளூஸ் சோலோ: உணர்வு வெளிப்பட வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பதினேழு பேர் உட்கார்ந்திருக்கும் ஜாஸ் குழுவான பிக் பேண்டில் எழுந்து நின்று தனியாக (சோலோ) ப்ளூஸ் வாசிக்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கற்ற ஸ்கேல் அத்தனையையும் வேகமாகக் கொட்டுகிறார்கள். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே மேல் ஸ்தாயியில் ஏறி அலறுகிறார்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் கேட்பவருக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை.

அவர்களுக்குத் திறமை இருக்கிறது, வரிசைதான் தப்பிவிடுகிறது. முதலில் குரல், அப்புறம் ஒரு சுரம், ஒரு வாக்கியம், ஒரு சுற்று, பேண்டின் பதில், கடைசியாக வடிவத்தை உடைப்பது. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தாங்கும். பரிசோதனை இசையின் மேல் ஆசைப்பட்டு வருபவர்கள் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள். தாங்க எதுவும் இல்லாததால் அவர்களுடைய அலறல் வெறும் சத்தமாக நின்றுவிடுகிறது.

சாக்ஸபோன், டிரம்பெட், டிரோம்போன் வாசிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பியானோ, பேஸ், டிரம்ஸ் வாசிப்பவர்கள் 8-ஆம் பகுதியிலிருந்து படித்தாலும் பயன் உண்டு.

## 1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு சுரத்தைப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆடாமல் பிடிக்க வர வேண்டும். கீழே வரும் வேலை முழுக்க சுரத்தை வேண்டுமென்றே வளைப்பதுதான். நேராகப் பிடிக்கத் தெரியாதவர் வளைத்தால் அது வளைவாகக் கேட்காது, சுருதி விலகலாகத்தான் கேட்கும்.

ட்யூனர், மெட்ரோனோம், ரெக்கார்ட் செய்ய ஒரு போன் வேண்டும். டிரம்பெட்டும் டிரோம்போனும் வாசிப்பவர்கள் ஒரு பிளஞ்சர் வாங்கிக்கொள்ளுங்கள். அதாவது, சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப். ஹார்டுவேர் கடையில் புதிதாக வாங்கிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டால் போதும். டிரம்பெட்டுக்குச் சின்னது, டிரோம்போனுக்குப் பெரியது.

பயிற்சிக்குப் பேஸும் டிரம்ஸும் மட்டும் உள்ள பேக்கிங் டிராக்கை (கூட வாசிப்பதற்கான பின்னணிப் பதிவை) எடுங்கள். பியானோ இருக்கும் டிராக் முதலில் வேண்டாம். பியானோ மூன்றாம் சுரத்தை (6-ஆம் பகுதியில் வருகிறது) ஒரே இடத்தில் அறைந்து வைத்துவிடும். நீங்கள் வளைக்க வேண்டிய சுரமே அதுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க எஃப் ப்ளூஸை வைத்துக்கொள்வோம். ஒரே ஒலிக்கு வாத்தியத்துக்கு வாத்தியம் பெயர் வேறு: டிரோம்போனுக்கு அது எஃப். டெனர் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் ஜி. ஆல்டோ, பாரிடோன் சாக்ஸுக்கு டி. உங்கள் வாத்தியத்தில் இது எங்கே விழுகிறது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள். ஒத்திகை நடுவில் தலைக்குள் மாற்றிக்கொண்டிருந்தால் கவனம் சுரத்தில் இருக்காது.

## 2. பன்னிரண்டு பாரை எண்ணாமல் உணரும் வரை கேளுங்கள்

வடிவம் இதுதான் (பார் என்பது நான்கு பீட் கொண்ட ஒரு அளவு; எஃப்7 போன்றவை கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்): நான்கு பார் எஃப்7, இரண்டு பார் பி ஃபிளாட்7, இரண்டு பார் எஃப்7, ஒரு பார் சி7, ஒரு பார் பி ஃபிளாட்7, மறுபடி இரண்டு பார் எஃப்7. ஜாஸ் பேண்டுகளில் ஒன்பதாம் பத்தாம் பார்களில் ஜி மைனர்7, சி7 என்று மாற்றி வாசிப்பது வழக்கம். இந்தப் பன்னிரண்டு பார் சேர்ந்த ஒரு சுற்றைத்தான் கோரஸ் என்கிறார்கள்.

இதைத் தலையால் எண்ணக் கூடாது. எண்ணிக்கொண்டே வாசிப்பவரின் வாக்கியம் எப்போதும் பாரின் முதல் பீட்டில் தொடங்கி, பாரின் முடிவில் நிற்கும். கேட்கும்போது படிவம் நிரப்புவது மாதிரி இருக்கும்.

வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு பேஸ் வரியை வாயால் பாடுங்கள். ஐந்தாம் பாரில் பி ஃபிளாட்டுக்குப் போகும்போது கீழே தரை நகர்வது தெரியும். ஒன்பதாம் பாரில் இழுவிசை ஏறும். இந்த இரண்டு இடங்களும் உடம்பில் பதிந்தால் போதும். மிச்சம் தானாக வரும். பேஸைக் கேட்காமல் வேறு யாரோடாவது பேசிக்கொண்டிருந்தாலும் ஐந்தாம் பார் வந்ததும் தலை திரும்ப வேண்டும். அதுதான் இந்தப் படி முடிந்ததற்கு அடையாளம்.

## 3. யாரிடம் என்ன சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ப்ளூஸ் என்றால் சோகம் என்று நினைத்து வருபவர்கள் எல்லாச் சுரத்தையும் தொங்கவிட்டு வாசிக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வயல் பாட்டிலும் தேவாலயத்திலும் உருவான இந்த இசையில் நக்கல் உண்டு, கோபம் உண்டு, கெஞ்சல் உண்டு, காமம் உண்டு, வழிபாடு உண்டு, துயரத்தை எழுந்து நின்று பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் உண்டு. சோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் வெளியே நின்றுவிடும்.

அதனால் வாசிக்கும் முன் 'வருத்தம்' என்று பொதுவாக நினைக்காதீர்கள். ஒரு ஆளை நினையுங்கள், அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை நினையுங்கள். "நீ வருவேன்னு சொன்னியே" என்பதும் "நீ வரவே வேண்டாம்" என்பதும் ஒரே வருத்தத்திலிருந்து பிறக்கலாம். ஆனால் முதல் வாக்கியம் கடைசியில் மேலே போய்த் தொங்கும். இரண்டாவது கீழே இறங்கி அடித்து நிற்கும். உங்கள் சோலோவின் முதல் நான்கு பாருக்கு ஒரு வடிவம் இங்கேயே கிடைத்துவிட்டது.

## 4. முதலில் வாயால் பாடுங்கள்

அந்த வாக்கியத்தைச் சொல் இல்லாமல் 'ஆ', 'வா', 'டா' என்று பாடி ரெக்கார்ட் செய்யுங்கள். ஒரு கோரஸ் போதும். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிறகு ரெக்கார்டிங்கைக் கேட்டு அதே கோரஸை வாத்தியத்தில் எடுங்கள். சுரம் மட்டும் எடுத்தால் போதாது. எங்கே மூச்சு வாங்கினீர்கள், எந்தச் சுரத்தைக் கீழிருந்து இழுத்து வந்தீர்கள், எது பாதியில் உடைந்தது என்பதையும் எடுக்க வேண்டும். உடைந்த இடத்தில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். விரல்களுக்குப் பழகிய பாதைகள் உண்டு; யோசிக்காமல் விட்டால் அவை அதே பாதையில்தான் ஓடும். குரலுக்கு அந்தப் பாதைகள் தெரியாது. நீங்கள் உண்மையில் கேட்கும் ஒன்றைத்தான் உங்களால் பாட முடியும்.

பேஸ் வாசித்த ஜாஸ் இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸ் தன் இசைக்குழுவுக்குப் பல சமயம் தாளில் எழுதித் தராமல், பியானோவில் வாசித்தும் பாடியும் காட்டிப் பகுதிகளைக் கற்றுக்கொடுத்தார். காதால் வாங்கிய வரியில் அழுத்தமும் இழுப்பும் சேர்ந்தே வரும். உங்கள் பேண்டில் ஒரு பின்னணி ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு வரியை) சொல்லித்தரும்போதும் இதைச் செய்து பாருங்கள். எழுதிக் கொடுத்த அதே ரிஃப், பாடிக் கொடுத்தால் வேறாகக் கேட்கும்.

## 5. ஒரே சுரத்தில் ஒரு கோரஸ்

இப்போது எஃப் என்ற ஒரே சுரத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு பாரையும் வாசியுங்கள். வேறு சுரம் கிடையாது.

முதல் முறை நான்காம் பாரிலேயே சலித்துவிடும். சலித்ததும் நிறுத்தாதீர்கள். சுரத்தை மாற்ற முடியாது என்று ஆனபிறகுதான் மற்றவை கண்ணில் படும்: எவ்வளவு தாமதமாக அடிக்கலாம், நாக்கால் வெட்டலாமா மூச்சால் தொடங்கலாமா, சத்தத்தை ஒரே சுரத்துக்குள் ஏற்றி இறக்கலாமா, எங்கே விட்டுவிடலாம். உணர்வைச் சுமக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இவைதான். புதியவர்கள் சுரத் தேர்வை மட்டுமே கருவி என்று நினைக்கிறார்கள்.

ஒரு குறிப்பு. பீட்டுக்குப் பின்னால் வாசிப்பதையும் வேகம் குறைவதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெட்ரோனோமை இரண்டாம் நான்காம் பீட்டில் வைத்து, சுரத்தை அதற்குக் கொஞ்சம் பின்னால் போடுங்கள். நான்கு கோரஸ் முடிந்த பிறகும் இடைவெளி அதே அளவாக இருந்தால் பின்னால் வாசிக்கிறீர்கள். கூடிக்கொண்டே போயிருந்தால் இழுபடுகிறீர்கள்.

## 6. மூன்றாம் சுரம்: நிறைய நேரம் இங்கே செலவிடுங்கள்

ப்ளூஸின் இதயம் இந்த ஒரு சுரத்தில் இருக்கிறது. எஃப் ப்ளூஸில் மைனர் மூன்றாம் சுரம் ஏ ஃபிளாட், மேஜர் மூன்றாம் சுரம் ஏ. ப்ளூஸ் பாடகர்கள் பாடுவது இரண்டுக்கும் நடுவே, கீழிருந்து மேலே சாய்ந்துகொண்டு, பல சமயம் ஏ-வைத் தொடாமலேயே.

வாத்தியத்துக்கு வாத்தியம் இதை எடுக்கும் விதம் வேறு:

டிரோம்போனில் வேலை சுலபம். பேஸ் க்ளெஃபின் மேல் பகுதியில் வரும் ஏ ஃபிளாட் மூன்றாம் பொசிஷன், ஏ இரண்டாம் பொசிஷன். நடுவே ஸ்லைடை மெதுவாக நகர்த்துங்கள். ஆபத்து என்னவென்றால் சுலபமாக இருப்பதாலேயே எல்லாச் சுரத்தையும் வழுக்கிவிடத் தோன்றும்.

சாக்ஸபோனில் உதட்டால் சுரத்தை இறக்குவது எளிது, ஏற்றுவது கடினம். அதனால் மேல் சுரத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு தாடையைத் தளர்த்திக் கீழே இறக்கி, அங்கிருந்து மெல்ல மேலே விடுங்கள். ஆல்டோவில் எஃப் ஷார்ப் பிடித்து இறக்க வேண்டும், டெனரில் பி.

டிரம்பெட்டில் உதட்டோடு வால்வைப் பாதி அழுத்தும் உத்தியும் உண்டு. பாதி வால்வில் ஒலி மூச்சடைத்தது போல் வரும். அந்த அடைப்பே சில இடங்களில் வேண்டிய ஒலி.

இனி முக்கியமான விஷயம். இந்தச் சுரம் எல்லா பாரிலும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. முதல் நான்கு பாரில் கார்ட் எஃப்7, அதற்குள் ஏ இருக்கிறது. அதனால் சுரத்தை ஏ-வை நோக்கிச் சாய்க்கலாம். ஐந்தாம் பாரில் கார்ட் பி ஃபிளாட்7 ஆகிறது. அதன் ஏழாம் சுரமே ஏ ஃபிளாட். இப்போது அதே சுரம் இறங்கி, ஏ ஃபிளாட்டில் ஆடாமல் நிற்க வேண்டும். நான்கு பார் மேலே போகத் தவித்த சுரம் ஐந்தாம் பாரில் கீழே வந்து உட்காருகிறது. ஒரு வார்த்தையும் மாற்றாமல் தொனி மட்டும் மாறுகிறது. நீங்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இது ஒன்றே கேட்பவரைத் தொடும்.

இதற்கு ஒரு பயிற்சி. முதல் பாரில் அந்த மூன்றாம் சுரத்தைப் பிடித்து மெல்ல ஏற்றுங்கள், நிறுத்துங்கள். ஐந்தாம் பாரில் அதையே இறக்கிப் பிடியுங்கள், நிறுத்துங்கள். ஒன்பதாம் பாரில் விட்டுவிடுங்கள். ட்யூனரைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். ஊசி எவ்வளவு நகர்கிறது என்று கண்ணால் பார்த்தால் காது சீக்கிரம் நம்பும்.

கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு வரும் நம்மவர்களுக்கு வளைப்பது புதிதல்ல, அது பெரிய பலம். ஆனால் காந்தாரத்தில் கமகம் கொடுத்துப் பழகிய கை இங்கேயும் சுரத்தைத் திரும்பத் திரும்ப அசைக்கும். ப்ளூஸில் பெரும்பாலும் ஒரே ஒரு சாய்வு, ஒரே திசை. அசைவை நிறுத்திவிட்டுச் சாய்வை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. ஒலியின் நிறம்

சுரம் பிடிபட்ட பிறகுதான் குரோல், பிளஞ்சர் எல்லாம். முன்பே சேர்த்தால் கெட்ட சுருதியை மூடிமறைக்க அவை பயன்படும்.

குரோல் என்பது வாசிக்கும்போதே தொண்டைக்குள் முனகுவது. சாக்ஸில் வாசிக்கும் சுரத்தை விட்டு வேறு சுரத்தை முனகுங்கள். இரண்டும் மோதும்போது ஒலி கரகரக்கும். ஒரே சுரத்தை முனகினால் கரகரப்பு வராது. தொண்டை வலித்தால் முனகலைச் சத்தமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

பிளஞ்சரை டியூக் எலிங்டன் பேண்டில் டிரம்பெட் வாசித்த பப்பர் மைலியும் டிரோம்போன் வாசித்த டிரிக்கி சாம் நான்டனும் 1920-களிலேயே மனிதக் குரல் வரும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். நான்டனின் முறையில் ஹார்னின் (ஊதும் வாத்தியத்தின்) வாய்க்குள் ஒரு சிறிய மியூட் (ஒலியை அடக்கும் அடைப்பு), அதற்கு வெளியே ரப்பர் கப். மூடினால் 'ஊ', திறந்தால் 'வா'. இடையே எத்தனை நிலைகள் வேண்டுமானாலும் உண்டு. கப்பை முழுவதுமாகத் திறந்து மூடுவதுதான் புதியவர்கள் செய்வது. அதனால் வாய் பேசுவது போல் வராமல் கதவு அடிப்பது போல் வரும். விளிம்பு ஹார்னை விட்டு முழுக்க விலகாமல், மணிக்கட்டை மட்டும் கொஞ்சமாக அசையுங்கள். மியூட் போட்டால் சுருதியும் நகரும். ட்யூனரில் சரிபார்த்து, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பயன்படுத்துவது? என் அபிப்பிராயம்: ஒரு கோரஸுக்கு ஒரு இடம். எல்லாச் சுரத்திலும் குரோல் இருந்தால் எந்தச் சுரத்திலும் குரோல் இல்லை.

## 8. இடைவெளி விடுங்கள், பேண்ட் பதில் சொல்லட்டும்

ப்ளூஸ் பாட்டின் வரி அமைப்பு: ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு வேறு ஒரு முடிவு வரி. ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். ஆனால் பாடகர் நான்கு பாரையும் நிரப்புவதில்லை. ஏறக்குறைய இரண்டு பார் பாடிவிட்டு விடுகிறார். மிச்ச இரண்டு பாரில் கிதாரோ டிரம்பெட்டோ பதில் சொல்கிறது.

சோலோவையும் முதலில் இப்படியே அமையுங்கள். இரண்டு பார் பேசுங்கள், இரண்டு பார் விடுங்கள். அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள், கார்ட் மாறியிருப்பதால் ஒரு சுரம் தானாக மாறும். பிறகு முடிவு வரி.

பிக் பேண்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்த இரண்டு பாரில் உங்களுக்குப் பின்னால் பதின்மூன்று ஹார்ன்கள் வரை காத்திருக்கின்றன. கன்சாஸ் சிட்டியில் வளர்ந்த கவுன்ட் பேஸி பேண்டின் வழி இது: சாக்ஸ் வரிசை ஒரு ரிஃப், டிரோம்போன் வரிசை அதன் இடைவெளியில் ஒரு ரிஃப், மேலே டிரம்பெட் வரிசை ஒன்று. பலவும் எழுதாமல் ஒத்திகையிலேயே உருவானவை. அவர்கள் 1937-இல் பதிவு செய்த 'ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்' ஒரு பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான். கடைசிக் கோரஸ்களில் மூன்று வரிசைகளும் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று எப்படி நுழைகிறது என்று ஒரு முறை அதற்காகவே கேளுங்கள்.

உங்கள் தாளில் பின்னணி எங்கே வருகிறது என்று ஒத்திகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். 'இரண்டாம் முறை மட்டும்' என்று எழுதியிருந்தால், முதல் கோரஸ் முழுக்க நீங்கள் தனியே. பின்னணி நுழையும் இடத்தில் வழி விடுங்கள், அல்லது அவர்கள் வாசிக்காத ஸ்தாயிக்குப் போங்கள். டிரம்பெட் வரிசை மேலே அடிக்கும்போது நீங்களும் மேலே அலறினால் கேட்பவருக்கு உங்கள் வாய் மட்டும்தான் தெரியும்.

பின்னணி வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோலோ வாசிப்பவரின் சத்தத்துக்குக் கீழே இருங்கள், ஆனால் அவருடைய வாக்கியத்தைக் கேட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். அவர் மெல்லமாகப் போனால் எழுதியிருக்கும் சத்தக் குறியை மீறி நீங்களும் இறங்குங்கள்.

## 9. கோரஸ் மேல் கோரஸ் அடுக்குவது

ஒரு கோரஸ் வாசிக்க வந்த பிறகு மூன்று. இங்கே புதியவர்கள் தவறுவது ஒரே மாதிரி: இரண்டாம் கோரஸிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள், மூன்றாவதில் போக இடமில்லை, அதையே மறுபடி இன்னும் சத்தமாக வாசிக்கிறார்கள்.

சத்தம், ஸ்தாயி, சுர அடர்த்தி, ஒலியின் நிறம் என்று நான்கு பிடிகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒரு கோரஸுக்கு ஒன்றை மட்டும் மேலே திருகுங்கள். முதல் கோரஸ் கீழ் ஸ்தாயி, இடைவெளி நிறைய. இரண்டாவதில் சத்தம் அப்படியே இருக்கட்டும், சுரம் மட்டும் கூடட்டும். மூன்றாவதில் சுரங்களை மறுபடி குறைத்துவிட்டு ஸ்தாயியை ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றுவதைவிட, ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குவது அதிக இழுவிசை தரும்.

இதற்கு எல்லோரும் கேட்க வேண்டிய உதாரணம் 1956 ஜூலை 7 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் நடந்தது. எலிங்டன் 1937-இல் எழுதிய இரண்டு ப்ளூஸ் பகுதிகளுக்கு நடுவே, டெனர் சாக்ஸ் வாசித்த பால் கான்சால்வெஸ் தொடர்ந்து 27 கோரஸ் வாசித்தார். அதைக் கேட்கும்போது அவர் எவ்வளவு குறைவாக மேலே ஏறுகிறார் என்று கவனியுங்கள். வாக்கியங்கள் எளிமையானவை, பலவும் திரும்ப வருகின்றன. கனம் ஏறுவது பேஸ், டிரம்ஸோடு அவர் பிடித்துக்கொண்ட தாளத்தில். கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிய பிறகும் அவர் அவசரப்படவில்லை.

ஆகவே சோலோவுக்கு முன் டிரம்மரோடும் பேஸ் வாசிப்பவரோடும் பேசுங்கள். "முதல் கோரஸ் தாழ்வாக இருக்கட்டும், நான் பார்த்தால் ஏற்றுங்கள்" என்று சொன்னால் போதும். நீங்கள் கட்டுவதை டிரம்மர் முன்கூட்டியே வெடித்துவிட்டால் எந்த ஏற்றமும் நிற்காது.

## 10. வடிவத்தைத் திறப்பது

இப்போதுதான் பரிசோதனை. பன்னிரண்டு பாரை விட்டு வெளியே போவதற்கு முன், பேண்ட் முழுவதும் மூன்று கேள்விகளுக்கு ஒரே பதில் வைத்திருக்க வேண்டும். எது விடப்படுகிறது? எது நிலைத்திருக்கிறது? யார் கை காட்டினால் திரும்புகிறோம்?

இரண்டாவது கேள்வியைத்தான் புதிய குழுக்கள் மறக்கின்றன. கார்ட், தாளம், வடிவம், சுரமையம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கைவிட்டால் கேட்பவருக்கு எதிலிருந்து விலகுகிறோம் என்றே தெரியாது. விலகல் உணர்வைத் தர வேண்டுமானால் விலகப்படும் பொருள் காதில் இருக்க வேண்டும். முதல் ஒத்திகைகளில் ஒன்றை மட்டும் விடுங்கள்.

எளிதானதிலிருந்து தொடங்கும் வரிசை:

முதலில் நீட்டல். நான்காம் பாரிலேயே நின்று, சைகை வரும் வரை எஃப்7-இல் தங்குங்கள். தாளம் ஓடட்டும். மிங்கஸ் 1950-களின் நடுவிலிருந்து இப்படித் திறந்த நீளமுள்ள பகுதிகளைப் பயன்படுத்தினார். ஐந்தாம் பாருக்காகக் காது ஏங்கத் தொடங்கும். அந்த ஏக்கத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதுதான் இங்கே கற்க வேண்டியது.

அடுத்தது வேகம். பேண்ட் முழுவதும் சேர்ந்து மெல்ல வேகமெடுத்து, ஒரு புள்ளியில் அறுத்து, பழைய வேகத்தில் விழுவது. பதினொரு பேர் வாசித்த மிங்கஸின் 1963 ஆல்பம் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் இந்த முடுக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. அதே பதிவில் எலிங்டன் பேண்டிலிருந்து வந்த குவென்டின் ஜாக்சனின் பிளஞ்சர் டிரோம்போனும் கேட்கும்; 7-ஆம் பகுதிக்கு நல்ல பாடம். முடுக்கத்தை டிரம்மரிடம் மட்டும் விடாதீர்கள். பேஸும் பாரிடோன் சாக்ஸும் முன்னால் இழுத்தால்தான் பேண்ட் நகரும்.

மூன்றாவது கூட்டு இம்ப்ரவைசேஷன், அதாவது எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே சேர்ந்து உருவாக்கி வாசிப்பது. எல்லோரும் ஒன்றாக வாசித்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு பேரில் தொடங்கி, சைகைக்கு ஒருவராகச் சேருங்கள். நுழைபவர் ஏற்கெனவே ஒலிக்கும் ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். தன் வாக்கியத்தோடு வரக் கூடாது. ஜாஸ் பேண்ட் தலைவர் சன் ரா தன் ஆர்க்கெஸ்ட்ராவில் சைகை கொடுத்ததும் எல்லோரும் ஒரே கணத்தில் ஆளுக்கொரு சுரத்தைப் பலமாக ஊதும் ஒலித்திரளைப் பயன்படுத்தினார். சோலோ உச்சத்தில் இருக்கும்போது அது ஒரே ஒரு முறை வந்தால் மேடை அதிரும்.

சைகைகளை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். இசை நடத்துனர் புட்ச் மோரிஸ் 1985-லிருந்து 'கண்டக்‌ஷன்' என்ற பெயரில் ஒரு முழுச் சைகை மொழியையே வளர்த்தார். புதிய குழுவுக்கு அவ்வளவு வேண்டாம்: பிடித்து நில், அதையே திரும்பச் செய், இறங்கு, நிறுத்து, பன்னிரண்டு பாரின் முதல் பாருக்குத் திரும்பு. இந்த ஐந்தை வாத்தியம் இல்லாமல், குரலால் மட்டும் பயிற்சி செய்யுங்கள். கண்கள் தாளை விட்டு எழும்பப் பழக வேண்டும்.

திரும்பும் இடத்துக்குத்தான் ஒத்திகை நேரத்தில் பாதி போக வேண்டும் என்பேன். குழம்பிய கூட்டு ஒலியிலிருந்து பேண்ட் முழுவதும் ஒரே நொடியில் முதல் பாரில் வந்து விழுந்தால், அதற்கு முன் நடந்த எல்லாவற்றுக்கும் அர்த்தம் வந்துவிடும். தட்டுத் தடுமாறித் திரும்பினால் நல்ல பகுதியும் விபத்தாகவே கேட்கும்.

## 11. ரெக்கார்டிங்கை எந்த வரிசையில் கேட்பது

அன்றே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். வாசித்த கணத்தின் சூடு இருக்கும்போது நினைத்தது கேட்கும், ஒலித்தது கேட்காது.

முதல் முறை உங்கள் சோலோவை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். அவர் எங்கே உங்களுக்குப் பதில் சொன்னார், நீங்கள் அதை எங்கே தவறவிட்டீர்கள் என்று தெரியும். இரண்டாம் முறை இடைவெளிகளை மட்டும். மூன்றாம் முறை மூன்றாம் சுரத்தின் சுருதி. தவறான சுரங்களைக் கடைசியில் பாருங்கள். அவற்றில் பாதி, சொன்ன விதம் சரியாக இருந்ததால், தவறாகவே கேட்காது.

## 12. மேடையில்

மைக் எது என்று ஒலிச் சோதனையின்போதே கேட்டுவிடுங்கள். நியூபோர்ட்டில் அந்த 27 கோரஸையும் கான்சால்வெஸ் கொலம்பியா நிறுவனத்தின் மைக்குக்குப் பதிலாக வானொலி ஒலிபரப்புக்கான மைக்கின் முன் நின்று வாசித்தார். அதனால் அன்று வெளிவந்த ஆல்பத்தில் அவர் தொலைவிலிருந்து கேட்கிறார். மெல்லிய சுரங்கள் போய்ச் சேர வேண்டுமானால் மைக்குக்குப் பக்கத்தில் நில்லுங்கள், சத்தம் ஏறும்போது அரை அடி பின்வாங்குங்கள். பிளஞ்சர் வைத்து வாசிக்கும்போது கப் திறக்கும் பக்கம் மைக்கை நோக்கி இருக்கட்டும்.

முந்தைய சோலோ முடிவதற்கு நான்கு பார் முன்பே எழுந்து நடக்கத் தொடங்குங்கள். ஓடி வந்து மூச்சிரைத்தபடி தொடங்கினால் முதல் வாக்கியம் உங்களுடையதாக இருக்காது. வந்து நின்றதும் உடனே வாசிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு பாரைக் காலியாக விடுவதும் ஒரு தொடக்கம்தான்.

முடிக்கும்போது கடைசி இரண்டு பாரை நிரப்பாதீர்கள். பதினொன்றாம் பாரில் தெளிவான ஒரு சிறிய வாக்கியம் சொல்லிவிட்டு, அடுத்து வாசிப்பவரைப் பார்த்துக்கொண்டே மைக்கை விட்டு விலகுங்கள். அவர் காது கூர்மையானவராக இருந்தால் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குவார். உங்கள் நாற்காலிக்குத் திரும்பியதும் ஹார்னைக் கீழே வைக்காதீர்கள், அவருக்கான பின்னணி இரண்டாம் கோரஸில் நுழையும்.